இரண்டு விரற்கடைத் தெளிவு

நான் எடுத்த முதல் போட்டோவில் மூக்குத்திதான் நன்றாக விழுந்தது. ஏழு கல் மூக்குத்தி. ஏழையும் எண்ணிவிடலாம், அப்படி ஒரு துல்லியம். அதைப் போட்டிருந்த பெண்ணின் கண் இரண்டும் அடுப்புப் புகைக்குப் பின்னால் இருக்கிற மாதிரி கலங்கிக் கிடந்தன. படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், இதை நகைக்கடைக்காரனுக்குக் கொடுத்தால் சட்டம் போட்டு மாட்டி வைப்பான் என்றார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காரியத்தைக் கையில் எடுத்து அது கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்கிற சுபாவம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அந்தக் கேமரா என் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை டவுனில் எங்களுக்குப் போட்டோக் கடை. கீழே கடை, மேலே மொட்டை மாடி. மாடியில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, தூணும் படிக்கட்டும் எழுதிய திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். மூன்று கால் வைத்த பெரிய பெட்டிக் கேமரா. அதற்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால் ஒரு பால் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டும். வெயில் நன்றாக இருந்தால்தான் வேலை. மேகம் மூடினால் கடையை மூடிவிட்டுப் போகலாம்.

பெண்பிள்ளைகள் படம் எடுக்க வந்தால் முந்தானையைச் சரிப்படுத்துவது, தாடையைத் தொட்டு நிமிர்த்துவது, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்குவது எல்லாம் நான்தான். ஆண்பிள்ளை தொட முடியாது இல்லையா. அதனால் அந்தக் கடையில் என் கை படாமல் எந்தப் பெண்ணின் படமும் விழுந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

என் அண்ணன் பினாங்கில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்தார். யுத்தம் அந்தப் பக்கம் வருவதற்கு முந்தின வருஷம் ஊருக்கு வந்தவர், ஒரு சின்னக் கேமராவைக் கொண்டுவந்தார். கையடக்கம், ஒரு வெற்றிலைப் பெட்டி அளவுதான். ஆனால் அதன் முகத்தில் மாட்டியிருந்த லென்ஸ் இருக்கிறதே, அது கேமராவைவிடக் கனம். வாய் அவ்வளவு அகலம். மேலே ஒரு வெள்ளி ரூபாயை வைத்தால் உள்ளே விழுந்துவிடும் போல் இருக்கும். இந்த மாதிரி லென்ஸ் ஆயிரம் கடையில் ஒரு கடையில்தான் இருக்கும், விளக்கு வெளிச்சத்தில்கூடப் படம் பிடிக்கும் என்று அண்ணன் சொன்னார். யாராவது பெரிய வீட்டுக்காரர்களுக்கு விற்கலாம் என்று சுற்றிப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை. அடுத்த தடவை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அதையும் ஒரு தகர டப்பா நிறைய பிலிமையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். பிறகு கடல் வழி அடைபட்டுப் போனது. யுத்தம் முடிந்துதான் அவர் முகத்தை மறுபடி பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் அதைத் தொடவே மாட்டார். அதில் பால் கண்ணாடி கிடையாது. ஒரு சின்ன ஜன்னல். அதில் கண்ணை வைத்தால் எதிரே உள்ளது நேராகத் தெரியும். நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் படம் சரியாக விழும் என்று அர்த்தம்.

"பெரிய கேமராவுல படத்தையே பாக்குறேன். இது, படத்தைப் பாக்காத, ரெண்டு நெழலைச் சேத்துட்டாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேங்குது. மாப்பிள்ளையக் கண்ணுல காட்டாமப் பொண்ணு கேக்குற தரகன் மாதிரி" என்பார்.

எனக்கு அந்த இரண்டு நிழலும் ஒட்டுகிற இடம்தான் பிடித்தது. வேலை ஓய்ந்த நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களை இரண்டாக்கி ஒன்றாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். லென்ஸுக்குள் இதழ் இதழாகத் தகடு இருந்தது. ஒரு வளையத்தைத் திருப்பினால் சுருங்கும், விரியும். எங்கள் கடைப் பூனைக்குப் பகலில் கருவிழி நெல்மணி மாதிரி இருக்கும், பொழுது சாய்ந்தால் வட்டமாக விரிந்துவிடும். இந்த லென்ஸும் அப்படித்தான் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூனையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த மூக்குத்திக் கதை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்காள், வல்லத்திராக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு மதினி முறை. அவளுக்கு ஒரே மகன், பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். பதினைந்து நாள் லீவில் வந்தவனுக்குக் கல்யாணத்தை முடித்துவைத்தார்கள். பெண் தாயில்லாத பெண். என்னைவிட மூன்று வயதுதான் இளையவள், ஆனால் முறைக்கு என்னைச் சின்னாத்தா என்று கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்காகவே சிரித்துக்கொள்வோம்.

லீவு முடிகிறதற்கு முந்தின நாள் அவனும் அவளும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மறுநாள் காலை ரயிலில் அவன் போக வேண்டும். பெண்டாட்டியின் படம் ஒன்று கையில் வேண்டும் என்றான். வந்ததோ மழை. மாடியில் திரையெல்லாம் நனைந்து தொங்கியது. பெரிய கேமராவுக்கு அந்த வெளிச்சம் காணாது. நான் எடுக்கிறேன் என்று சின்னக் கேமராவை எடுத்தேன். அவளை வாசற்படி ஓரம் உட்காரவைத்து, லென்ஸை முழுசாகத் திறந்து, மஞ்சள் கட்டத்தில் பார்த்தேன். அந்த மங்கலில் முகம் இரண்டாக இருக்கிறதா ஒன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை. மூக்குத்தி மட்டும் இரண்டு பொட்டாக மினுங்கியது. இரண்டையும் ஒன்றாக்கினேன். அழுத்தினேன். ஜன்னலில் பார்த்தபோது முகம், கண், கழுத்து, பின்னால் இருந்த கதவு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. அதுதான் அந்த ஜன்னல் செய்கிற மோசம். அது எல்லாவற்றையும் தெளிவாகத்தான் காட்டும்.

விடியற்காலை படம் காய்வதற்கும் அவன் புறப்படுவதற்கும் சரியாக இருந்தது. வேறு எடுக்க நேரமில்லை. அவன் அதையே பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்.

"சின்னாத்தா, என் கண்ணு எங்க?"

ஏன் அப்படி ஆனது என்று எனக்கே தெரியாதே. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

பிலிமை வீணாக்க முடியாது. டப்பா பாதிக்கு மேல் காலி, யுத்த காலத்தில் திருச்சியிலும் கிடைக்கவில்லை. அதனால் வேறு வழி யோசித்தேன். அந்தக் கேமராவுக்கு முதுகுப் பலகை தனியாகக் கழன்று வரும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் உள்திரை திறந்தே இருக்கும்படி ஒரு ஏற்பாடும் இருந்தது. பிலிம் உட்காருகிற இடத்தில் எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்தை ஒட்டினேன். பெரிய கேமராவின் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டேன். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கட்டம்தான், ஆனால் அதில் மாடியும் பந்தலும் தலைகீழாக வந்து நின்றன. படத்தையே பார்க்கிறேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் மெச்சுகிறார் என்று அர்த்தம்.

பிறகு ஒரு நீளப் பலகையில் அரை விரற்கடைக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளை வரிசையாக ஒட்டினேன். நடுக்கொட்டைக்கு மட்டும் சுண்ணாம்பு தொட்டுவைத்தேன். பலகையின் ஒரு முனை என்னைப் பார்க்கிற மாதிரி நீளவாக்கில் வைத்து, சுண்ணாம்புக் கொட்டை இரண்டு முழத் தூரத்தில் வரும்படி உட்கார்ந்து, ஜன்னலில் அந்தக் கொட்டையை ஒன்று சேர்த்தேன். அப்புறம் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

சுண்ணாம்புக் கொட்டை தெளிவு. அதற்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அவையும் சரி. அவ்வளவுதான். அதற்கு அங்கிட்டும் இங்கிட்டும் உள்ள கொட்டைகள் எல்லாம் கரைந்து பழுப்புச் சாறாக ஓடின. மொத்தம் இரண்டு விரற்கடைத் தெளிவு. உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் இந்த லென்ஸ் விட்டுவிடுகிறது. இதழைச் சுருக்கினால் பக்கத்துக்கு நாலு கொட்டை, ஆறு கொட்டை என்று தெளிவு கூடிக்கொண்டே போகிறது, ஆனால் காகிதம் இருட்டிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் வேண்டுமானால் தெளிவைக் கொடுக்க வேண்டும், தெளிவு வேண்டுமானால் வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் கேட்டால் தரமாட்டேன் என்கிறது.

என் மூக்கில் விரலை வைத்து அளந்து பார்த்தேன். மூக்குத்தி இருக்கிற இடத்துக்குக் கண் ஒன்றரை விரற்கடை பின்னால் இருக்கிறது. நான் மூக்குத்தியைச் சேர்த்ததும், கண் எல்லைக்கு வெளியே போய்விட்டது. நம் ஊரில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முதலில் மினுங்குவது அதுதானே. கேமரா செய்தவன் வீட்டுப் பெண்கள் மூக்குத்தி போடுகிறவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். போட்டிருந்தால் எங்காவது ஓரத்தில் எழுதிவைத்திருப்பான்.

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் படம் போனது போனதுதான். அவன் எந்த முகாமில் இருந்தாலும் பைக்குள் ஏழு கல்லும் இரண்டு புகையும்தான்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தாய் வீடு இல்லாததால் பேறுகாலம் மாமியார் வீட்டிலேயே. பிள்ளை பிறந்து இருபது நாள் இருக்கும், அவனிடமிருந்து எங்கள் கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் எங்களை எங்கோ அனுப்பப் போகிறார்கள், எங்கே என்று எழுதக் கூடாது, அதற்கு முன்னால் பிள்ளையையும் அவளையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்ப முடியுமா மாமா என்று கேட்டிருந்தான். கடைசியில் ஒரு வரி. 'போன படத்தில் அவள் முகம் சரியாக இல்லை.' அந்த வரியை என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

மறுநாளே புறப்பட்டோம். டப்பாவில் மிச்சம் இருந்தது ஒரு துண்டுப் பிலிம், ஐந்து படம் வரும். அப்போது பஸ்ஸெல்லாம் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற காலம். மேட்டைக் கண்டால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். கேமராவை மடியில் கட்டிக்கொண்டு நானும் தள்ளினேன்.

மதினி எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். கேமராவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நாற்பது நாள் முடியாமல் தாயும் பிள்ளையும் வெயிலுக்கு வரக் கூடாது, அந்த அறைக்குள் ஆண்பிள்ளை போகக் கூடாது. இது எங்களுக்கும் தெரிந்ததுதான். வெளியே கொண்டுவர வேண்டாம், அறைக்குள்ளேயே எடுத்துவிடுவேன், நான் ஒருத்திதான் உள்ளே போவேன் என்றேன். வெளிச்சத்துக்காக மருந்து கொளுத்துகிற புகை வருமா என்றாள். இல்லை என்றேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே இருந்த பயம் வெளியே வந்தது.

"சண்டைக்குப் போறவனுக்குப் பச்சப்புள்ள மொகத்தைக் காட்டி அனுப்பச் சொல்றியா? மனசு பின்னாடி இழுக்கும். கை தடுமாறும். எனக்கு ஒத்தப் பிள்ளை, ஆத்தா."

அது பொய்யான பயம் இல்லை. என் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல்தான் வந்தது. பேறு கண்ட உடம்பு, குரல் மெலிந்திருந்தது.

"பாக்காமப் போனா மட்டும் இழுக்காதா அத்தை?"

மதினி கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு, பிள்ளை பால் குடித்து முடித்ததும் எடு, அடுத்த பாலுக்குள் முடி என்று சொல்லிவிட்டு வழியை விட்டாள்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதிலும் ஒரு கதவைத்தான் திறக்க விட்டாள். உள்ளே போய்ப் பார்த்தேன். லென்ஸை முழுசாகத் திறந்தாலும் காணாது போல் இருந்தது. வெளியே வந்து என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, முற்றத்து வெயிலில் ஜன்னலுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். வேட்டியில் பட்ட வெயில் பால் மாதிரி அறைக்குள் வந்து விழுந்தது. வெயில் பிள்ளை மேல் படவில்லை, வேட்டியின் வெளிச்சம்தான் பட்டது. மதினி இதில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்து முடியாமல், "எந் தம்பியக் கொடிக்கம்பமா நிறுத்திட்டா" என்றாள். தெருவில் போன ஒருவர், என்ன மாப்பிள்ளை வேட்டி காயவில்லையா என்று கேட்டதும், ஆமாம் மாமா கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்று இவர் பதில் சொன்னதும் உள்ளே எங்களுக்குக் கேட்டது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, வயிறு நோகும் என்று மதினி அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளிச்சம் வந்தது. இனிமேல்தான் உண்மையான சிக்கல். கையில் இருப்பது இரண்டு விரற்கடைத் தெளிவு. எதிரே இருப்பது இரண்டு முகம். பிள்ளையை மடியில் வைத்தால் பிள்ளை முன்னால், தாய் பின்னால். ஒருவர்தான் தெளிவாக விழுவார். நான் யோசிப்பதைப் பார்த்து அவள் என்னவென்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். பிள்ளைக்குக் கொடு சின்னாத்தா, என்னைத்தான் அவர் பார்த்திருக்கிறாரே என்றாள். சொல்லிவிட்டுச் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம், என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"பதினஞ்சு நாளுதான் பாத்தாரு. அதுலயும் பாதி நாளு நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன்."

எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையை மடியிலிருந்து எடுத்து, தோளுக்கு உயர்த்தி, கன்னத்தோடு கன்னம் ஒட்டவைக்கச் சொன்னேன். இரண்டு பேர் கண்ணும் ஒரே கோட்டில், ஒரு பலகையில் ஒட்டிய மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் போய்த் தாடையைத் தொட்டுத் தொட்டு நிமிர்த்தினேன். பிள்ளையின் நெற்றி கொஞ்சம் முன்னால் வந்தால் இவளையும் முன்னால் கொண்டுவந்தேன். எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை. விரலுக்குத் தெரியும்.

மங்கலில் எதை வைத்து ஒன்று சேர்ப்பது? மூக்குத்தியைப் பார்க்க மாட்டேன் என்று சபதம். கண்ணுக்கு மை போடச் சொன்னேன், கீழிமையில் தடிமனாக, ஓரத்தில் வால் விட்டு. பிள்ளை பெற்றவள் நாற்பது நாளைக்குள் மையிட்டு அலங்காரம் பண்ணுவதா என்று மதினி ஆரம்பித்தாள். அலங்காரம் இல்லை மதினி, எனக்கு ஒரு கோடு வேண்டும், கோடு இல்லாவிட்டால் கேமராவுக்குக் கண் தெரியாது என்றேன். அவள் பிள்ளைக்கு வைத்திருந்த மைக்கிண்ணத்தை எடுத்து வந்து, தானே மருமகளின் தலையைப் பிடித்துக்கொண்டு இழுத்துவிட்டாள். நன்றாகத்தான் இழுத்தாள்.

பச்சைப் பிள்ளை வெளிச்சத்தைத்தான் பார்க்கும். ஆகையால் நான் ஜன்னலுக்கு அடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து முழங்கையை அதன்மேல் ஊன்றினேன். மஞ்சள் கட்டத்தில் அவள் மைக்கோடு இரண்டாக நின்றது. திருகினேன். நெருங்கியது, நெருங்கியது, ஒன்றாகிவிட்டது. அழுத்தப் போகும்போது மறுபடி இரண்டாகிவிட்டது. கை ஆடவில்லையே என்று பார்த்தால், அவள் மூச்சு. மூச்சு விடும்போது உடம்பு பின்னால் போகிறது, இழுக்கும்போது முன்னால் வருகிறது. ஒரு மூச்சுக்கே தெளிவின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்கிறோம். யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.

மூச்சை முழுசாக விட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். முதல் படம் எடுக்கும்போது பிள்ளை கையை முகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவதில் மதினி பூச்சியை ஓட்டுகிறேன் என்று குறுக்கே கையை நீட்டினாள். மூன்றாவதுக்குச் சரியாக வேட்டி இறங்கிவிட்டது. கை வலிக்கிறதாம். வெளியே பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன், வேட்டி ஏறியது. மதினி பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பிள்ளை பெற்று ஒன்றைக் காப்பாற்றியவள். தூக்கத்துக்கும் அழுகைக்கும் நடுவில் பிள்ளை சற்று நேரம் விழித்துக்கொண்டு அசையாமல் இருக்குமே, அது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். "இப்ப" என்றாள். நான் அழுத்தினேன். ஐந்தாவதையும் எடுத்தேன், அதற்குள் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலமே டவுனுக்கு வந்து என் வீட்டுக்காரர் பிலிமைக் கழுவினார். நான் வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அவர் வெளியே வந்து பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நாலாவதைப் பாரு" என்றார்.

காகிதத்தில் ஏற்றிய பிறகுதான் முழுசாகப் பார்த்தேன். பிள்ளையின் இரண்டு கண்ணும், கன்னத்துப் பொட்டும், மேலுதட்டில் ஒட்டியிருந்த பாலும்கூடத் தெரிந்தது. அவளுடைய ஒரு கண் அப்படியே தெளிவு. பிள்ளைக்கு அங்கிட்டு உள்ள மற்றக் கண் ஒரு மயிரிழை மென்மை. ஆனால் இரண்டும் பார்க்கின்றன. எதிரே யார் இருந்தாலும் அவரைப் பார்க்கின்றன. மூக்குத்தி இந்தத் தடவை வெறும் வெளிச்சப் பொட்டாக ஒதுங்கிக்கொண்டது. நான் அதற்காக வருத்தப்படவில்லை.

தபாலில் போடுவதற்கு முன்னால் ஒரு பிரதி மதினியிடம் காட்டப் போனோம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பின்னாடி சொவரு எங்க? ஆணியில மாட்டுன வேப்பங்கொழை எங்க? அந்தரத்துல உக்காந்திருக்கா. வீட்டை வித்துட்டமோன்னு எம் மகன் நெனைக்க மாட்டானா?"

சுவரைக் காட்ட இது ஆகாது மதினி, முகத்தைக் காட்டத்தான் என்றேன். சரி போடு என்றாள். ஆனால் உறையை ஒட்டுகிற வரைக்கும் கூடவே நின்றாள். கடைசி நேரத்தில் பிடுங்கிக்கொள்வாளோ என்று எனக்குப் பயம். அவள் உறையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாசம் ஒரு சத்தமும் இல்லை. படம் போய்ச் சேர்ந்ததா, அதற்குள் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. நான் வல்லத்திராக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் என் கையைத்தான் முதலில் பார்ப்பாள், காகிதம் இருக்கிறதா என்று. நான் நிற்பதா திரும்புவதா என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொள்வேன்.

வந்தது ஒரு நாள். கடல் கடந்து வந்த கடிதம், பாதி வரி மேல் பட்டாளத்துக்காரர்கள் கறுப்பு மை பூசியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கடையில் வேலை. நான் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நானே விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஆத்தாவுக்கு, மாமாவுக்கு, மாட்டுக்கு எல்லாம் விசாரிப்பு. பிறகு படம். புறப்படுகிறதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் கையில் கிடைத்ததாம். அதற்கு அடுத்த வரி: 'உன் கண் எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்டேனோ என்று இருந்தேன், இப்போது தெரிகிறது, பிள்ளைக்கும் உன் கண்தான்.'

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு, அந்த வரி எது என்று கேட்டாள். காட்டினேன். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பிறகு தானே பார்த்துக்கொள்வதற்காக, சரியாக அந்த வரியின்மேல் மடிப்பு வருகிற மாதிரி மடித்து, நகத்தால் தேய்த்து இறுக்கினாள். வருஷம் போனபோது காகிதம் அந்த இடத்தில்தான் முதலில் கிழிந்தது.

மதினிக்கு ஒரே ரோசம். பிள்ளை தன் மகனை உரித்துவைத்திருக்கிறது, இது என்ன புதுப் பேச்சு, உன் லென்ஸ் எதையோ மாற்றிக் காட்டியிருக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். லென்ஸ் இருக்கிறதை எல்லாம் காட்டாது, இல்லாததைக் காட்டவே காட்டாது என்று நானும் விடவில்லை. பார்க்கிற போதெல்லாம் இதே வழக்குத்தான். என்னையும் பிள்ளை பக்கத்தில் வைத்து ஒன்று எடு, அவனே பார்த்துச் சொல்லட்டும் என்றாள். பிலிம் இல்லை என்று சொன்னால் நம்பவே இல்லை.

யுத்தம் முடிந்து அவன் வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கு நாங்கள் எல்லாரும் ரோட்டோரம் நின்றோம். பிள்ளை என் இடுப்பில். அந்தப் பெண் கொஞ்சம் பின்னால் நின்றாள், தலையைக் குனியாமல். அவன் தகரப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. மதினி அவன் கன்னத்தைத் தடவினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உடனே பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது யாரு கண்ணு?"

அவன் பிள்ளையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், அவளைத்தான் கொஞ்சம் அதிக நேரம். பிறகு ஆத்தாவைப் பார்த்தான்.

"பசிக்குது ஆத்தா" என்றான்.